நீர்மட்டப் புத்தகம்

போன மாரிக்கு முன்னே ஒரு சனிக்கிழமை. என் வீட்டு விறாந்தையில் மடிக்கணனியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் இளம் பொறியியலாளர் கேட்டார்: "ஐயா, இந்த மூண்டு கிழமையும் ஒரே அளவுதான் இருக்கு. ஆறு அசையவே இல்லையா?"

திரையில் இருந்தது என் கையெழுத்து. மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தைக் காலையும் மாலையும் பார்த்து எழுதும் புத்தகத்தின் பக்கங்களை அவர் படம் பிடித்திருந்தார். எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கணனிக்குக் கொடுத்திருந்தார். கணனி அவற்றைப் படித்து, இனி வரும் மாரிகளில் ஆற்றுவாயை எந்த நாளில் வெட்டினால் வெள்ளம் குறையும் என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்தது. செயற்கை நுண்ணறிவு என்றார். முப்பது வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருந்த எனக்கு அது பெரிய மரியாதையாகத் தோன்றியிருக்க வேண்டும். என் எண்களைப் படித்து ஒரு இயந்திரம் புத்தி பெறுகிறது.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்க மகள்" என்றேன். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் பழகாதவர்களுக்கு ஆற்றுவாய் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வாவி கடலுக்குப் பக்கத்திலேயே, கடலை ஒட்டியபடி, வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் கிடக்கிறது. வாவி என்பது எழுத்துக்கு. நாங்கள் சொல்வது ஆறு. கடலோடு அது சேரும் இடங்கள் இரண்டு. நகருக்கு வடக்கே பாலமீன்மடுவில் முகத்துவாரம், தெற்கே கல்லாறு. மழை இல்லாத மாதங்களில் கடல் மணலைத் தள்ளி இந்த வாய்களை மூடிவிடும். மாரி பிறந்ததும் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று மேற்கே உள்ள குளங்கள் நிரம்பி வான் பாயும். குளத்துக்குள் அடங்காத காட்டாறுகளும் சேர்ந்துகொள்ளும். எல்லாத் தண்ணீரும் வந்து நிற்பது வாவியில். மணல் மேடு தாங்கும்வரை ஏறும். சில வருடம் தானே உடைத்துக்கொண்டு போகும், சில வருடம் நாங்கள் வெட்ட வேண்டும்.

வெட்டுவது என்றால் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள். முன்பு மண்வெட்டியோடு ஊரே இறங்கும், இப்போது மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒன்று போதும். மேட்டின் குறுக்கே ஆள் இறங்கி நடக்கும் அகலத்தில் ஒரு வாய்க்கால் இழுத்துவிட்டால், மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். காலையில் தாண்டிப்போன வாய்க்காலைப் பின்னேரம் தோணியில்தான் கடக்கலாம். வெட்டுவது லேசு. வெட்டியதை மூட முடியாது. கடல் மனம் வைத்தால்தான் மூடும். இந்த ஒரு சங்கதிதான் என் தொழில் முழுவதையும் பயமுள்ளதாக ஆக்கியது.

சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும். படுவான்கரை வயல். வெள்ளாமைக்காரனுக்குத் தண்ணீர் ஏறினால் கதிர் அழுகும், வெட்டு என்பான். ஆற்றில் வலை போடுபவனுக்கு இறால் வளர்ந்து வருகிற நேரம் வாய் திறந்தால், அத்தனையும் இழுவையோடு கடலுக்கு ஓடிவிடும், பொறு என்பான். முகத்துவாரத்தில் வலை கட்டுபவனோ அந்த ஓட்டத்துக்காகவே காத்திருப்பான். வாய் நீண்ட காலம் மூடியே கிடந்தால் தண்ணீர் நன்னீராகி ஆற்றுவாழை படரும், தோணி போக இடமிருக்காது. அப்போது மீன்பிடிக்காரனே வந்து வெட்டு என்பான். ஒரே ஆள், நாலு மாத இடைவெளியில், இரண்டு கோரிக்கை. இரண்டும் சரி.

 

வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாரி. மேலதிகாரி விடுப்பில் இருந்தார். கூட்டத்துக்குப் புத்தகத்தோடு போனவன் நான். பாலத்துத் தூணில் பதித்த அளவுப் பலகையை நாங்கள் கேஜ் என்போம். அது அன்று வெட்ட வேண்டிய அளவுக்கு மேலே நாலு விரற்கடை காட்டியது. கமக்கார அமைப்புகளின் ஆட்கள் அறை நிறைய இருந்தார்கள். ஒருவர் அழுகிய நெற்பயிரை வேரோடு பிடுங்கி வந்து மேசையில் வைத்தார். சேறு என் புத்தகத்தில் பட்டது. வெட்டலாமா என்று கேட்டார்கள். வெட்டலாம் என்றேன். இளமை, மேலும், எண் என் பக்கம் இருந்தது.

வெட்டினோம். கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் மழை விட்டது. விட்டது விட்டதுதான், அந்த வருடம் வாடை அத்தோடு முடிந்தது. ஆறு வடிந்தது. வடிந்துகொண்டே போனது. பிறகு கடல் உள்ளே வந்தது. பங்குனியில் எழுவான்கரைக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கின. அந்த மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய அடுக்காகத்தான் மிதக்கிறது. ஒரு பக்கம் கடல் அழுத்துகிறது, மறுபக்கம் ஆறு அதைத் தாங்குகிறது. ஆற்றில் நன்னீர் நிறைந்து நின்றால் கிணறு பிழைக்கும். நான் தாங்கலை எடுத்துவிட்டேன். பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் படம் கூடக் கீறியிருக்கிறேன். கூட்டத்தில் அது நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் கிணறு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நினைவுபடுத்தியது ஒரு வயதான அம்மா. சைக்கிளில் போன என்னை மறித்தார். கையில் செம்பு. "நீங்கதானே வாய் வெட்டின ஐயா? இதைக் குடிச்சிப் பாருங்க" என்றார். குடித்தேன். வேறு என்ன செய்ய. "இன்னும் எத்தனை மாசம் கிடக்கு மாரிக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதே காலத்தில் படுவான்கரையில் எனக்கு ஒரு வட்டவிதானை வாத்தியாராக வாய்த்தார். வட்டவிதானை என்பவர் ஒரு வயற்கண்டத்துக்குத் தண்ணீர் பங்கிடப் பொறுப்பானவர். சம்பளம் நெல்லில், கமக்காரர் கொடுப்பது. அவரிடம் கேஜ் இல்லை. நான் "ஆறு எவ்வளவு நிக்குது பாத்தீங்களா?" என்று கேட்டால் அவர் திருப்பி வேறு எதையாவது கேட்பார். உன்னிச்சையில் கதவு திறந்தாச்சா? பட்டிருப்புப் பாலத்துக்குக் கீழே இழுவை எந்தப் பக்கம்? கடல் எப்படிக் கிடக்கிறது, மணல் கரைக்கு ஏறுகிறதா இறங்குகிறதா? அமாவாசைக்கு எத்தனை நாள்? தெற்கு வட்டைகளில் நெல் என்ன வயது, குடலையா கதிரா? நான் எரிச்சலோடு, "நான் கேட்டது ஒண்டுதானே?" என்றேன் ஒருநாள். "தம்பி, நீங்க ஆத்தைக் கேக்கிறீங்க. நான் ஆத்துக்கு வாறதையும் போறதையும் கேக்கிறன்" என்றார்.

அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தாமதம் ஒளிந்திருந்ததைப் பிடிக்க எனக்கு வருடங்கள் ஆயின. உன்னிச்சையில் இன்று திறந்த கதவு நாளை வவுணதீவுப் பக்கத்தில் தெரியும், அதற்கும் பிறகுதான் என் கேஜில் தெரியும். முகத்துவாரத்தில் வெட்டினால் கல்லடியில் அன்றே இறங்கும். தெற்கே பட்டிருப்புக்கு அந்தச் செய்தி போய்ச்சேர நாட்கள் எடுக்கும், நடுவே ஆறு ஆழம் குறைவு, குறுக்கே தாம்போதிகளும் பாலங்களும். அந்த நாட்களில் தெற்கே உள்ளவன், வெட்டியும் வடியவில்லையே என்று இன்னொரு வாயை வெட்டச் சொல்லி மறியல் செய்வான். அவன் பேச்சைக் கேட்டு கல்லாற்றையும் வெட்டினால், முதல் வெட்டின் பலனும் இரண்டாம் வெட்டின் பலனும் ஒரே நாளில் வந்து சேரும். ஆறு தேவைக்கு மேலே காலியாகும். குளிர்நீரும் சுடுநீரும் கலக்கும் குழாயில் சூடு வரவில்லை என்று திருகிக்கொண்டே போய் முதுகைச் சுட்டுக்கொள்கிற கதைதான். எங்கள் வீடுகளில் அந்தக் குழாய் கிடையாது, பயிற்சிக்குப் போன விடுதியில்தான் சுட்டுக்கொண்டேன்.

அந்தப் பயிற்சியைச் சொல்ல வேண்டும். தலைமைத்துவப் பயிற்சி என்று பெயர். ஐந்து நாள். நாலு நாளும் வழக்கம்போல. ஐந்தாம் நாள் வந்தவர் ஒரு விளையாட்டு வைத்தார். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் உருவான பழைய விளையாட்டு அது, பியர் விளையாட்டு என்று பேர்போனது. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் ஓடர் கொடுக்க வேண்டும். பேசக்கூடாது. எங்கள் மேசையில் இரண்டு பேர் காத்தான்குடிக்காரர்கள். "சேர், பியர் நமக்குச் சரிவராது" என்று ஒருவர் எழும்பிச் சொல்ல, எல்லோரும் சிரித்து, பியரைச் சோடாவாக மாற்றினோம். வாடிக்கையாளர் கேட்டது ஒரே ஒரு தடவைதான் கூடியது, அதுவும் கொஞ்சம்தான். ஆனால் சரக்கு வந்துசேரச் சுணங்குவதால் ஒவ்வொருவரும் பயந்து கூடக் கூட ஓடர் போட்டோம். அரை மணித்தியாலத்தில் தொழிற்சாலையாக இருந்த என்னிடம் தீவு முழுக்கக் குளிக்கப் போதுமான சோடா. முடிவில் பிழை யாருடையது என்று கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தவரைக் காட்டினேன். அவர் தன் பக்கத்தில் இருந்தவரை. கடைக்காரர் வாடிக்கையாளரைக் காட்டினார், வாடிக்கையாளரோ ஒரு சீட்டுக்கட்டு.

எனக்கு உடனே பட்டிருப்பு மறியல் ஞாபகம் வந்தது. எம்.ஐ.டி.யில் ஜே ஃபொரெஸ்டர் என்ற பொறியியலாளர் 1950களில் இப்படியான அமைப்புகளை ஆராயும் துறையைத் தொடங்கினார் என்றும், அவரிடம் வேலை கற்ற டொனெல்லா மெடோஸ் 1972இல் 'வளர்ச்சியின் எல்லைகள்' நூலை எழுதிய குழுவில் முதன்மையானவர் என்றும் அன்று கேட்டறிந்தேன். குளம், அதற்குள் வரத்து, வெளியே போக்கு, நடுவே தாமதம், பலன் திரும்பி வந்து காரணத்தையே தொடுவது: அவர்கள் பலகையில் கீறிக்காட்டியது இவ்வளவுதான். முறைமைச் சிந்தனை என்று தமிழில் சொல்கிறார்கள். வட்டவிதானையிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். "அதுக்கு இங்கிலீசில பேர் இருக்கா?" என்று ஆச்சரியப்பட்டார்.

ஃபொரெஸ்டர் தன் அனுபவத்தில் கண்டதாக மெடோஸ் எழுதிய ஒன்று எனக்குப் பிடித்தது. எங்கே கை வைத்தால் ஒரு அமைப்பு அசையும் என்பது உள்ளே இருப்பவர்களுக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும், ஆனால் எதிர்ப்பக்கம் பார்த்துத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு என் கந்தோரில் எதைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்தேன். கேஜைக் கூட்டுவது, பலகையைப் புதுப்பிப்பது, பெக்கோவைச் சீக்கிரம் கொண்டுவருவது. எல்லாம் தண்ணீரில் தள்ளுவது.

தள்ள வேண்டிய இடம் ஒரு சுவர் மணிக்கூட்டில் இருந்தது. கூட்டம் எப்போதும் காலை ஒன்பது மணிக்கு. கந்தோர் நேரம், யாரும் யோசித்து வைத்ததல்ல. ஆற்றில் வலை போடுபவன் இரவு போய் விடியக் கரையேறி, மீனை விற்று, வலையை உதறிக் காயப்போட்டுவிட்டுப் படுக்கும் நேரம் ஒன்பது மணி. கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு முறையும் "மீனவர் சங்கப் பிரதிநிதி சமுகமளிக்கவில்லை" என்று எழுதியிருப்போம். அக்கறை இல்லாதவர்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். என்னுடைய பின்வந்த வருடங்களில், என் கைக்குள் இருந்த சிறிய முன்கூட்டங்களைப் பின்னேரம் மூன்று மணிக்கு மாற்றினேன். முதல் நாளே பதினேழு பேர் வந்தார்கள், கதிரை போதவில்லை. ஒருவர் வந்த வேகத்தில், "இறால் இன்னும் ரெண்டு கிழமைக்குள்ள பிடிபதத்துக்கு வரும், அதுவரைக்கும் தாங்குமா எண்டு உங்கட போடியார்மாரிட்டக் கேளுங்க" என்றார். வயற்காரரான போடியார்மார் பக்கத்திலேயே இருந்தார்கள். கேட்டார். பத்து நாள் தாங்கலாம் என்றார்கள், நெல் இன்னும் குடலைக்கு வரவில்லை. பத்து நாள் இருவருக்கும் வந்துசேர்ந்தது. அது என் கேஜில் எங்கே இருந்தது?

கிணறுகளுக்கு வேறு வழி செய்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் நண்பர். தன் சுற்றில் சில வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் எப்படி என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். கருவி ஒன்றும் இல்லை. நல்லது, சப்பை, உவர் என்று மூன்று சொல். அதையும் புத்தகத்தின் ஓரத்தில் எழுதினேன். அந்தப் பக்கங்களை மேலே அனுப்பும்போது ஓரக் குறிப்புகளை அடித்துவிடச் சொன்னார்கள், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

இவற்றை நாங்கள் மட்டும் கண்டுபிடித்ததாக நினைத்துவிடாதீர்கள். தெற்கே, 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை மாவட்டம் ஆன நிலத்தில் கல்லோயாத் திட்டம் இருக்கிறது. அதன் இடதுகரையில் வாய்க்கால்கள் இடிந்து, கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாமல் கிடந்த காலத்தில், 1981இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் அமைப்பாளர்களை ஊருக்குள் அனுப்பின. சீமெந்தோடு போகவில்லை. முதலில் கமக்காரரோடு பேச, பிறகு வாய்க்காலைக் கூடிச் சுத்தம் செய்ய. வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர், கடைசிப் பகுதியில் தமிழர்கள். நாட்டில் பகை மூண்ட அந்த வருடங்களிலேயே மேலே உள்ளவர்கள் கீழே தண்ணீர் விட்டார்கள். கோர்னெலைச் சேர்ந்த நோர்மன் அப்ஹொஃப் 1992இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். 1988இல் கமக்காரரோடு சேர்ந்த நீர்ப்பாசன முகாமைத்துவம் நாட்டின் கொள்கையே ஆனது.

இன்னொன்று பாலித் தீவில் நடந்தது. அங்கே மலைச்சரிவு வயல்களுக்கு எப்போது தண்ணீர், எப்போது தரிசு என்பதை நீர்க்கோயில்கள் வழியாக ஊர்ச் சங்கங்கள் ஒத்துப்பேசித் தீர்மானிக்கும். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. எல்லோரும் இடைவிடாமல் நடுங்கள் என்றார்கள். பூச்சி பெருகியது. ஒரு கண்டம் முழுக்க ஒன்றாகத் தரிசு கிடந்தால்தான் பூச்சிக்குச் சாப்பாடு இல்லாமல் போகும் என்பது கோயில் நாட்காட்டிக்குள் இருந்த அறிவு. ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் 172 சங்கங்களைக் கணனியில் மாதிரியாக்கிப் பார்த்தார்கள். நீரும் பூச்சியும் இரண்டும் அடங்கும் அளவு ஏறக்குறைய நீர்க்கோயில்கள் ஒத்துப்பேசிவந்த அதே அளவு என்று கணனி சொன்னது. எங்கள் போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியை ஒன்றாகப் பூட்டுவதும், மாடுகளை வட்டையை விட்டுக் கலைக்கும் திகதியை வைப்பதும் இதே காரியம்தான். அறக்கொட்டியான் பூச்சி பிந்தி விதைத்தவன் வயலுக்குத்தான் முதலில் வரும், அங்கிருந்து எல்லோருக்கும். மாட்டுக்கு மேய்ச்சல் தரை இருந்தால்தான் அந்தத் திகதிக்கு அர்த்தம். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் தெருவில் உட்கார்ந்தபோது, வயற்காரருக்கு இதில் என்ன என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தரை போனால் மாடு எங்கே வரும்?

லான்சிங்கை நான் இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. அவருடைய கணனி கோயிலுக்குப் பதிலாக வரவில்லை. பூசாரி என்ன செய்கிறார் என்று முதலில் பல வருடம் போய்ப் பார்த்துவிட்டு, அதைக் கணனிக்குச் சொன்னார்கள். 2021இல் எங்கள் நாட்டில் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்களே, அதற்கு முன் யாராவது ஒரு வட்டைக்குப் போய், உரம் இல்லாவிட்டால் இந்தப் போகம், அடுத்த போகம், விதைநெல், கடன், அரிசி விலை என்று தொடர்ந்து கேட்டிருந்தால்? மே மாதம் தடை, நவம்பரில் திரும்பப் பெற்றாயிற்று. தடையை எடுத்த அன்றே பயிர் திரும்பி வரவில்லை. பெரும்போகம் ஏற்கெனவே விதைத்தாயிற்று. மஞ்சள் பாய்ந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு நான் சைக்கிளில் போயிருக்கிறேன்.

இனி இந்தச் செயற்கை நுண்ணறிவு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மழை எப்போது, எவ்வளவு என்பதற்காகத் தொழில் முழுக்க ஏங்கியவன் நான். டீப்மைண்ட் நிறுவனத்தின் கிராஃப்காஸ்ட் என்ற மாதிரி பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணிக்கிறது என்று 2023இல் செய்தி. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை மையம் 2025 பெப்ரவரியில் தன் சொந்த நுண்ணறிவு முறையையே நாளாந்தச் சேவைக்குக் கொண்டுவந்தது. கூகுளின் வெள்ள எதிர்வுகூறல் 2018இல் பாட்னாவில் தொடங்கி, 2022இல் இலங்கையையும் சேர்த்துக்கொண்டது. 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் மாவட்டம் மூழ்கியபோது இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் எத்தனை ஆட்டுக்குட்டிகளை முந்தியே மேட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

ஒருநாள் என் மருமகனின் போனில் அந்தப் பேசும் செயலியிடம் நானே கேட்டேன்: மட்டக்களப்பு ஆற்றுவாயை எப்போது வெட்டலாம்? நல்ல தமிழில், பணிவாக, பங்குதாரர் அனைவரையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்றது. மெத்தச் சரி. கூட்டம் எத்தனை மணிக்கு என்று அதுவும் கேட்கவில்லை.

பொறியியலாளரின் மாதிரியில் வேறு சிக்கல். அதற்குக் கொடுத்த வேலை, வெள்ளத்தில் மூழ்கும் ஏக்கரைக் குறைப்பது. ஏக்கருக்குப் பதிவு இருக்கிறது, கமநல சேவை நிலையத்தில் கேட்டால் தருவார்கள். அது ஆற்றைச் சீக்கிரமாகவே வெட்டச் சொன்னது, திரும்பத் திரும்ப. கெட்டிக்கார மாதிரி, கேட்டதைச் செய்கிறது. என் நாலாவது மாரியில் நான் இருந்த இடத்தில் அது இருக்கிறது. எண் அதன் பக்கம்.

"கிணத்தைச் சேர்த்தீங்களா மகள்?"

"டேட்டா இல்லை ஐயா."

"இறால்?"

"பிடிச்ச அளவு கொஞ்சம் இருக்கு. எந்தக் கிழமை, எந்தக் கரை எண்டு இல்லை."

உள்ளே போய் ஒரு பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்தேன். கந்தோருக்கு அனுப்பாமல் நான் வைத்துக்கொண்ட ஓரக் குறிப்புகளின் நகல் அதில் இருந்தது. நல்லது, சப்பை, உவர். அவர் கண்கள் விரிந்தன. இதைக் கணனிக்குக் கொடுக்கலாம் என்றார். கொடுக்கலாம்தான். ஆனால் ஏக்கர் எவ்வளவு, செம்புத் தண்ணீர் எவ்வளவு, எதற்கு எதை விட்டுக்கொடுப்பது என்று ஓர் எடை போட வேண்டுமே, அதை யார் போடுவது என்று கேட்டேன். கணனி தானே கற்றுக்கொள்ளாதா என்று முதலில் நினைத்தாராம். பிறகு மெல்லிய குரலில், "நான் ஒரு எண் போட்டிருக்கன் ஐயா. இப்போதைக்கு" என்றார். அந்த எண்ணை யாரிடமாவது காட்டினாரா? இல்லை. நான் குறை சொல்லவில்லை. நானும் ஒரு எண் வைத்திருந்தேன், அதை எண் என்று தெரியாமலே.

மாவட்டத்தில் உட்காரும் தலைமைக்கு இனி இதுதான் வேலை என்று எனக்குப் படுகிறது. மழை எவ்வளவு, ஆறு எவ்வளவு என்பதைக் கணனி நம்மைவிட நன்றாகச் சொல்லும், சொல்லட்டும். அந்த இரகசிய எண்ணை எடுத்து மூன்று மணிக் கூட்டத்தின் மேசையில் வைத்து, செம்புக்காரியையும் வலைக்காரனையும் போடியாரையும் அதைப் பார்க்க வைக்கும் ஆள் வேண்டும். சண்டை வரும். வரட்டும். மேசையில் வராத சண்டை பட்டிருப்புப் பாலத்தில் வரும்.

தேத்தண்ணிக் கோப்பை காலியாகிவிட்டது. அவர் மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மூன்று கிழமை, ஒரே அளவு. இனி ஒளிக்க முடியாது.

அது உள்நாட்டுச் சண்டைக் காலம். படுவான்கரை ஒருவர் கையில், எழுவான்கரை இன்னொருவர் கையில். ஆறு இரண்டுக்கும் நடுவே. வலையிறவுப் பாலத்தில் சோதனைச் சாவடி. மண்முனையில் படகு சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. மறுகரையில் இருந்த கேஜைப் பார்க்கப் போனவன் பின்னேரம் திரும்புவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒருநாள் விடிய வெடிச்சத்தம் கேட்டு நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். புத்தகத்தில் வெற்றுக் கட்டம் விடக்கூடாது என்பது விதி. முந்திய நாள் அளவையே எழுதினேன். அடுத்த நாளும் அதையே. பிறகு அது பழக்கமானது. சில பக்கங்களில் கொஞ்சம் கூட்டிக் குறைத்தும் எழுதினேன், சந்தேகம் வராமல் இருக்க. மழை பெய்த நாளில் இரண்டு விரல் கூட்டுவேன். என் பொய்யும் ஓரளவு நீரியல் தெரிந்த பொய்தான்.

அதையெல்லாம் சொன்னேன். அவர் பேசவில்லை. அவருடைய மாதிரி அந்த வருடங்களைத்தான் மிக அமைதியான மாரிகள் என்று படித்து வைத்திருந்தது. வாவி குறைவாக ஏறி இறங்கிய காலம் என்று ஒரு வரைபடமும் போட்டிருந்தார்.

அவர் தன் பையிலிருந்து சிவப்புப் பேனை எடுத்தார். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். பக்கம் பக்கமாகப் போனோம். உண்மையில் போய்ப் பார்த்த நாட்களில் எண் சாய்ந்திருக்கும், ஈரக் கையால் எழுதியது. வீட்டில் இருந்து எழுதிய எண்கள் நேராக, அழகாக இருக்கும். அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

"இந்த நாளுக்கு என்ன போடுறது ஐயா? முன்னுக்கும் பின்னுக்கும் பாத்து நடுவில ஒண்டு போடலாம், கணனியே போட்டுத் தரும்."

"ஒண்டும் போடாதீங்க மகள். வெறுமையா விடுங்க."

"நிறைய வெறுமையாப் போகுமே."

"போகட்டும்."

அவர் அழித்தார். எத்தனை நாள் என்று பிறகு எண்ணிச் சொல்வதாகச் சொன்னார். பொழுது பட்டுவிட்டது, இன்னும் 1996ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே நின்றோம்.